திருகோணமலையில் மரச்சட்ட வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளிக்கு அப்பால், நிலாவெளி வீதியை அண்டிய காணியில் எங்கள் மரச்சட்ட வீட்டை நாங்களே கட்டினோம். ஓடாவியார் ஒருவர் முன்னின்றார், மற்ற வேலைகளை வீட்டாரும் உறவினரும் செய்தோம். சட்டம் எழும்பிய நாளிலிருந்து வேலிக்கரையில் நின்று கேட்டவர்களும் வெளிநாட்டிலிருந்து போனில் கேட்டவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மரச்சட்ட வீடு எண்டா என்ன? முழுக்கப் பலகையாலயா கட்டிறது?

இல்லை. கல்வீட்டில் சுவரே கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. மரச்சட்ட வீட்டில் தூண், அதன்மேல் கிடையாகப் போகும் வளை, கூரையைத் தாங்கும் சரிவான கைமரம் எல்லாம் சேர்ந்து ஒரு கூடாக நின்று பாரத்தைத் தாங்கும். சுவர் அந்தக் கூட்டை மூடுவதற்கு மட்டும்தான். அதைப் பலகையாலும் மூடலாம், சீமெந்துப் பலகையாலும் மூடலாம். வரிச்சுக் கட்டி மண் அப்பிய நமது பழைய வீடுகளும் இதே முறையில் நின்றவைதான்.

இதில் இரண்டு விதம் உண்டு. பெரிய தூண்களைத் தூரத்தூர நிறுத்தி, கழுந்தும் துளையுமாகப் பொருத்துவது ஒன்று. நாலுக்கு இரண்டு அங்குலச் சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாக நெருக்கி நிறுத்துவது மற்றது. முதலாவதற்குக் கைதேர்ந்த ஓடாவி வேண்டும். இரண்டாவதை வாளும் மட்டமும் பிடிக்கத் தெரிந்தவர்கள் துணையோடு செய்துவிடலாம். சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

பலகை வீடெண்டா முகாம் கொட்டில் மாதிரித்தானே? ஆக்கள் என்ன சொல்லுவினம்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வலி எனக்குத் தெரியும். போரிலும் 2004 கடல்கோளிலும் வீடிழந்த எத்தனையோ குடும்பங்கள் தகரத்துக்கும் தடிக்கும் கீழே ஆண்டுக்கணக்கில் இருந்தன. ஆகவே கல்வீடுதான் நிரந்தரம் என்று மனதில் பதிந்துவிட்டது. அது நியாயமான உணர்வு.

ஆனால் அந்தக் கொட்டில்கள் பழுதானதற்குக் காரணம் மரம் அல்ல. ஈர மண்ணில் நட்ட பச்சைத் தடி, தாழ்வாரம் இல்லாத கூரை, வெயிலை அப்படியே உள்ளே இறக்கும் தகரம் ஆகியவைதான் காரணம். காய்ந்த வைரமரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, மழை படாமல் வைத்தால் அது தலைமுறை கடந்து நிற்கும். நூறாண்டு கண்ட நாற்சார் வீடுகளின் தூண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கல்வீட்டைவிட உண்மையிலேயே குளிர்மையா இருக்குமோ?

இரவில் நிச்சயமாக. பகலில் அது கூரையையும் நிழலையும் பொறுத்தது.

வெப்பத்தைக் கடத்துவதில் மரம் மிகவும் மந்தம். 1 அங்குலப் பலகையும் 6 அங்குல சீமெந்துப் புளொக் சுவரும் வெப்பத்தைத் தடுப்பதில் ஏறத்தாழச் சமம். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. புளொக் சுவர் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்திருந்து இரவில் அறைக்குள் விடுகிறது. வைகாசி, ஆனியில் இரவு பத்து மணிக்கு மேற்குச் சுவரில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மரச்சட்டச் சுவர் பொழுது பட்டதும் ஆறத் தொடங்கிவிடும். யன்னலைத் திறந்தால் படுக்கப் போகும் நேரத்துக்குள் வீடு வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்கிவிடும்.

மரச்சுவர் சூட்டைச் சேமிக்காதது போலவே குளிர்மையையும் சேமிக்காது. அதனால் நிலத்தை மட்டும் சீமெந்தில் போடுங்கள். நிழலில் கிடக்கும் சீமெந்து நிலம் நண்பகலிலும் காலுக்குக் குளிரும். மரச்சுவரும் சீமெந்து நிலமும் சேர்ந்த வீடுதான் இந்த ஊருக்குப் பொருத்தம் என்பது என் முடிவு.

வீட்டை எந்தப் பக்கம் பாத்து வைக்கிறது?

வாசலைச் சாத்திரப்படி வையுங்கள், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வீட்டின் நீளம் கிழக்கு மேற்காகக் கிடக்கட்டும்.

திருகோணமலை ஏறத்தாழ 8½ பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுப்பகுதியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நிற்கும். ஆனி மாதத்தில் சூரியன் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே சாய்கிறது, மார்கழியில் 32 பாகை தெற்கே. அதாவது வடக்குச் சுவருக்கு இரண்டரை அடித் தாழ்வாரம் இருந்தால் கோடைக்கால நண்பகல் வெயில் சுவரில் படாது. தெற்கே 3 அடி போதும். அங்கே வெயில் சாயும் காலம் பெரும்பாலும் மழைக்காலமும்தான்.

கிழக்கும் மேற்கும் வேறு கதை. காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ்வாரத்துக்குக் கீழால் படுத்து வரும், எவ்வளவு நீட்டினாலும் மறைக்காது. அந்தப் பக்கங்களில் சுவர் குறுகலாகவும் யன்னல் சின்னதாகவும் இருக்கட்டும். மேற்கே விறாந்தை, குளியலறை, களஞ்சிய அறை என்று வையுங்கள். வெளியே ஒரு வேம்பை நட்டால் சில ஆண்டுகளில் அது எந்தத் திரைச்சீலையையும்விட நன்றாக வேலை செய்யும்.

கச்சான் காத்துக்கு என்ன செய்யிறது?

பகலில் மூடுங்கள், இரவில் திறவுங்கள். கச்சான் தென்மேற்கிலிருந்து தரையின் சூட்டை வாரிக்கொண்டு வரும் உலர்காற்று. வெளியே 35 பாகை இருக்கும்போது அந்தக் காற்றை உள்ளே விட்டால் வீடும் 35 பாகைக்குத்தான் வரும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு தென்மேற்கு யன்னல்களைச் சாத்திவிடுங்கள். மின்விசிறி போதும். கடற்காற்று எழும்பும் நாட்களில் கிழக்கு, வடகிழக்கு யன்னல்களைத் திறக்கலாம். இதற்காகவே யன்னல் கதவு கண்ணாடியாக இல்லாமல் மரச் சட்டர்களாக இருப்பது நல்லது.

கூரைக்கு ஓடா, சீற்றா, தகரமா?

மேல்மாடி இல்லாத வீட்டில் உள்ளே இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரையால்தான் வருகிறது. கையிலிருக்கும் காசில் ஒரு பகுதியை மட்டும் நன்றாகச் செய்ய முடியும் என்றால் கூரையைச் செய்யுங்கள்.

எனக்குப் பிடித்தது ஓடு. ஓடுகளின் இடுக்குகளால் சூடான காற்று வெளியேறும், ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றலாம், பாரமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாரத்துக்குக் கைமரமும், அதன்மேல் குறுக்கே அடிக்கும் சிலாகையும் நல்ல மரமாக வேண்டும், செலவு ஏறும். நிறம் பூசிய தகரம் இலேசானது, சட்டத்துக்கும் சுகம். வெள்ளையோ அதை ஒட்டிய நிறமோ எடுங்கள். புதிய வெள்ளைத் தகரம் விழும் வெயிலில் முக்கால் பங்களவைத் திருப்பி அனுப்பும். கரும்பச்சையும் கடும்சிவப்பும் பார்வைக்கு அழகுதான், நண்பகலில் 60 பாகைக்கு மேல் கொதிக்கும். அஸ்பெஸ்டஸ் சீற் வேண்டாம். அறுக்கும்போதும் துளைக்கும்போதும் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு.

எதைப் போட்டாலும் அதன் கீழே அலுமினியத் தாள் ஒன்று வேண்டும். அதற்கும் கூரைக்கும் இடையிலோ, அதற்கும் சீலிங்குக்கும் இடையிலோ குறைந்தது ஓர் அங்குலக் காற்றிடைவெளி விடவேண்டும். தாளின் பளபளப்பான பக்கம் காற்றைப் பார்த்து இருந்தால்தான் கதிர்வெப்பத்தைத் தடுக்கும். பலகையோடு ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகத் தாள், வெப்பத்தை அப்படியே கடத்தும். பளபளப்பைக் கீழ்நோக்கி வையுங்கள், தூசு படியாது. தாழ்வாரத்தில் காற்று நுழைய வழியும் முகட்டில் வெளியேற வழியும் விடுங்கள். முகட்டுவளைக்குக் கீழே கையை நீட்டினால் சூடான காற்று வெளியே ஓடுவது தெரியவேண்டும்.

சுவருக்குள்ள என்ன நிரப்பிறது?

நிழலில் நிற்கும் வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்பேன். கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கும் சீலிங்குக்கும் நிரப்புங்கள். 2 அங்குலப் பாறைப்பஞ்சு (பாறையை உருக்கி இழையாக்கியது) போதுமானது. அழுத்திப் பலகையாக்கிய தென்னந்தும்பும் நன்றாக வேலை செய்யும், ஆனால் நன்றாகக் காய்ந்ததாகவும் பூச்சிக்கு மருந்து ஏற்றியதாகவும் இருக்கவேண்டும். ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப் பலகையை வயருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நெருப்புப் பிடித்தால் உருகி எரியும்.

தடிப்பைக் கூட்டிக்கொண்டே போவதால் இங்கே பெரிய பயன் இல்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழும் உள்ளே 20 பாகையும் இருக்கும் நாட்டில் 8 அங்குலம் தேவை. இங்கே உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் சில பாகைதான். நம்முடைய சண்டை வெயிலோடு. அதை நிழலால்தான் முதலில் வெல்லவேண்டும்.

கனடாவில இருக்கிற அண்ணா சுவருக்கு உள்பக்கம் பொலித்தீன் போடச் சொல்லுறார். போடவா?

வேண்டாம். அண்ணா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே வீட்டுக்குள் ஈரமும் சூடும், வெளியே உறைகுளிர். உள்ளே இருக்கும் நீராவி சுவருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகாமல் இருக்க உட்பக்கத்தில் பொலித்தீன் அடிக்கிறார்கள். இங்கே ஈரக்காற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஏசி போட்ட அறை என்றால் உட்பலகை குளிர்ந்திருக்கும். அதன் பின்னால் பொலித்தீன் இருந்தால் அதில் வந்து முட்டும் நீராவி அங்கேயே தண்ணீராகிச் சட்டத்தை நனைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே மரம் உக்கும்.

ஏசி இல்லாத வீட்டுக்குப் பொலித்தீனே தேவையில்லை, இரு பக்கமும் காய விடுங்கள். ஏசி போட்டே ஆகவேண்டுமென்றால் ஓர் அறைக்கு மட்டும் போடுங்கள். ஈரக்காற்று உள்ளே புகாமல் மறிக்கும் காற்றுத் தடையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் வையுங்கள், உட்பக்கத்தில் சாதாரணப் பெயின்றுக்கு மேல் எதுவும் வேண்டாம். ஏசியை 26 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள்.

என்ன மரம் நல்லம்?

நிலத்துக்கு அருகிலும் மழை படும் இடத்திலும் பாலை அல்லது முதிரை. பாலை இரும்புபோல, ஆணி இறங்காது, துளைத்துத்தான் அடிக்கவேண்டும். சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல, நெகிழ்வும் உறுதியும் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் திருகோணமலையின் பெயராலேயே அறியப்பட்டு, சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்குப் போன மரம் அதுதான். இன்று இவை விலை கூடியவை, கிடைப்பதும் குறைவு. ஆகவே வேண்டிய இடத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

யன்னல், கதவு நிலைகளுக்குத் தேக்கு. உட்சட்டத்துக்கு மருந்தேற்றிய இறக்குமதிப் பைன் போதும். அது நேராக இருக்கும், அறுக்கவும் சுகம். கைமரத்துக்கும் சிலாகைக்கும் முற்றிய பனை அருமை, ஆனால் வெளிப்புறக் கறுத்த வைரம் மட்டும்தான், நடுச்சோற்றை விட்டுவிடவேண்டும். எந்த மரமானாலும் வெள்ளைப் பகுதி சேர்ந்த துண்டைத் தூணாக்காதீர்கள். உளுப்பதும் கறையான் பிடிப்பதும் முதலில் அந்த வெள்ளையில்தான்.

காணியில நிக்கிற மரத்தை வெட்டிக் கட்டலாமோ?

அனுமதியோடு கட்டலாம். பலா, ஈரப்பலா, பனை போன்றவற்றை வெட்டுவதற்கு உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி வேண்டும். அரிந்த மரத்தை லொறியில் ஏற்றவும் போக்குவரத்துப் பெர்மிட் கேட்பார்கள். கிராம சேவகரில் தொடங்கிப் பிரதேச செயலகம் போங்கள். மரக்காலையில் வாங்கினால் ரசீதைக் கவனமாக வைத்திருங்கள், வழியில் மறித்தால் அதைத்தான் கேட்பார்கள். அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கினால் இந்தத் தலையிடி குறைவு.

மரம் காஞ்சிட்டுது எண்டு எப்பிடித் தெரியும்?

கையால் தொட்டுச் சொல்ல முடியாது, மேற்பரப்பு எப்போதும் காய்ந்தமாதிரித்தான் இருக்கும். ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடைத் தராசு போதும். பலகையின் முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஒரு சின்னத் துண்டை வெட்டி எடையைக் குறியுங்கள். பிறகு சமையலறை அவனில் 100 பாகைக்குச் சற்று மேலே, எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி நிறுங்கள். 120 கிராம் இருந்த துண்டு 104 கிராமில் நின்றால், போன தண்ணீர் 16 கிராம். 16ஐ 104ஆல் வகுத்தால் சுமார் 15 சதவீதம். திருகோணமலைக் காற்றில் மரம் கடைசியில் வந்து நிற்பதும் ஏறத்தாழ அந்த அளவில்தான். 20 சதவீதத்துக்கு மேல் என்றால் சட்டத்துக்கு எடுக்காதீர்கள், உக்க வைக்கும் பூஞ்சணம் வாழ அந்த ஈரம் போதும்.

பச்சை மரம் வாங்கினால் நிழலில், நிலத்திலிருந்து உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் சிலாகை வைத்து அடுக்குங்கள். வெட்டுமுனைகளுக்குப் பெயின்ற் பூசுங்கள், வெடிக்காது. கச்சான் மாதங்கள் இதற்கென்றே வந்தவை. மரம் நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்காது, அகலவாட்டில் சுருங்கும். ஈரப் பலகையை நெருக்கி அடித்தால் கோடையில் விரல் போகும் இடைவெளி விடும்.

கறையான்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ முதல்ல.

கறையானை ஒழிக்க முடியாது. அது வரும் பாதையைக் கண்ணுக்குத் தெரியவைக்கலாம், அதுதான் வேலை. நிலத்துக்கடியில் வாழும் கறையான் வெளிச்சத்தில் நடக்காது. மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு ஏறும். அந்தக் குழாய் உங்கள் கண்ணில் படாத எந்த வழியையும் விடக்கூடாது.

அத்திவாரத்தின் மேல்விளிம்பு நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரட்டும். அந்தச் சீமெந்து முகம் சுற்றிவர வெளியே தெரியவேண்டும்; மண் அணைப்பதோ பூச்செடிப் பாத்தி கட்டுவதோ கூடாது. அதன்மேல், மரம் உட்காருமுன், கல்வனைஸ் தகடு ஒன்றை விளிம்பு இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக் கீழ்நோக்கி வளைத்துப் போடுங்கள். கறையான் தகட்டைத் துளைக்காது. சுற்றிப் போகவேண்டும், சுற்றினால் மண்கோடு வெளியே தெரியும். விறாந்தைத் தூணுக்கும் அப்படியே, ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு. கொங்கிறீற் போட அடித்த பலகை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை எதையும் வீட்டுக்கடியில் விட்டுவைக்காதீர்கள்.

மருந்து விஷயத்தில், காணியில் குடிநீர்க் கிணறு இருப்பவர்கள் மண்ணுக்கு நஞ்சு ஊற்றுமுன் நன்றாக யோசியுங்கள். நமது கரையோர மணல் எதையும் தடுக்காமல் கீழே விடும். உட்சட்டத்துக்குப் போரக்ஸ் 3 பங்கும் போரிக் அமிலம் 2 பங்கும் கலந்து, 10 லீற்றர் சுடுதண்ணீருக்குச் சுமார் 1 கிலோ வீதம் கரைத்து, மரம் ஊற ஊறப் பூசலாம். உளு வண்டுக்கும் அது நல்லது. மழை பட்டால் கரைந்துபோகும், அதனால் வெளிமரத்துக்கு ஆகாது. கையுறை போடுங்கள், சிறுபிள்ளைகளை அண்ட விடாதீர்கள். மருந்தேற்றிய பச்சைநிற மரத்தின் கழிவை அடுப்பில் வைக்கவே கூடாது. அதில் ஆர்சனிக் இருக்கக்கூடும், புகையும் சாம்பலும் நஞ்சு.

வாடை மழை சுவரில அடிக்குமே? பலகை ஊறாதோ?

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரை வடகிழக்கால் வருகிறது, காற்றோடு சாய்ந்து அடிக்கும். பலகை நனையும், அதைத் தடுக்க முடியாது. நனைந்தது உடனே காயவேண்டும் என்பதுதான் திட்டம்.

வெளிப்பலகையைச் சட்டத்தில் நேரே அடிக்காதீர்கள். முதலில் சட்டத்தின்மேல் நீர் புகாத, ஆனால் ஆவியை விடும் தாள். அதன்மேல் முக்கால் அங்குலச் சிலாகையை நிலைக்குத்தாக அடித்து, அதில் பலகையைக் கீழிருந்து மேலாக ஓரங்குலத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடியுங்கள். பலகைக்குப் பின்னால் முக்கால் அங்குலக் காற்றோட்டம் கிடைக்கும். உள்ளே வந்த தண்ணீர் கீழால் வடியும், காற்று காயவைக்கும். கீழ் இடைவெளியைச் சிலிக்கனால் அடைக்காதீர்கள், எலி போகாத வலை மட்டும் அடியுங்கள். ஒவ்வொரு பலகையையும் ஒரே வரிசை ஆணியில் பிடியுங்கள், சுருங்கி விரிய இடம் வேண்டும்.

வெட்டுமுனைதான் தண்ணீர் குடிக்கும் வாய். அடிக்குமுன் ஒவ்வொரு முனைக்கும் பூச்சு. யன்னலுக்கு மேல் தகடு, யன்னல் அடிக்கட்டைக்குக் கீழே நீர் சொட்டும் காடி. வடகிழக்கு மூலைக்கு விறாந்தை வைத்தவர்கள் கவலையில்லாமல் இருக்கலாம்.

புயல் வந்தா பறந்திடாதோ?

1964 மார்கழிப் புயல் திருகோணமலைக்கு அருகேதான் கரையேறியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கடந்தது. ஆகவே இது பயத்தில் கேட்கும் கேள்வி அல்ல, கேட்கவே வேண்டியது. காற்று கூரையை மேலே தூக்கும். மரவீடு இலேசானது, பாரத்தால் நிற்காது. கட்டுமானத்தால்தான் நிற்கும்.

சிலாகை கைமரத்தோடு, கைமரம் சுவர்வளையோடு, வளை சட்டத்தோடு, சட்டம் அதன் கீழே படுத்திருக்கும் அடிக்கட்டையோடு, அடிக்கட்டை அத்திவாரத்தோடு என்று ஒவ்வொரு சந்தியும் உலோகப் பட்டியாலோ போல்ட்டாலோ பிடிக்கப்படவேண்டும். ஒரு சந்தியில் வெறும் ஆணி என்றால் அங்கேதான் விடும். அத்திவாரத்தின் மேல் சுற்றிவரப் போடும் கொங்கிறீற் வளையத்தில் 12 மில்லிமீற்றர் போல்ட்டை 4 அடிக்கு ஒன்றாக வார்க்கும்போதே நிறுத்துங்கள். மூலைகளில் 12 மில்லிமீற்றர் பிளைவூட் அடியுங்கள், அல்லது குறுக்குச் சட்டம் போடுங்கள், சட்டம் சாயாது. நான்கு பக்கமும் சரியும் கூரை, முக்கோணச் சுவர் வைத்த கூரையைவிடக் காற்றுக்கு நல்லது. சாய்வு 30 பாகை அளவில் இருக்கட்டும். விறாந்தைக் கூரையைத் தனியாகச் செய்யுங்கள், அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். இந்தப் பகுதியை மட்டும் ஒரு பொறியியலாளரிடம் காட்டாமல் கட்டாதீர்கள்.

ஆணி, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காதோ?

கடலுக்குப் பக்கத்தில் பிடிக்கும். உருகிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்த்த கல்வனைஸ் குறைந்தபட்சம். வெளிப்பலகை ஆணிக்கும் கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீட்டுக்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள், விலை குத்தினாலும். 304 உப்புக்காற்றில் புள்ளி விழும்.

நெருப்பு?

தடித்த மரம் நினைப்பதைவிட நிதானமாக எரியும். நிமிடத்துக்கு அரை மில்லிமீற்றரிலிருந்து முக்கால் மில்லிமீற்றர் அளவில் கரியாகும், அந்தக் கரி உள்மரத்தைக் காக்கும். அரை மணி நேரத்தில் 6 அங்குலத் தூணின் ஒவ்வொரு முகத்திலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் போயிருக்கும். 2க்கு 1 சிலாகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அடுப்புள்ள சுவரைப் புளொக்கால் கட்டுங்கள், எரிவாயுச் சிலிண்டர் வெளியே நிற்கட்டும். வயர் எல்லாம் பைப்புக்குள், கசிவு மின்துண்டிப்பான் கட்டாயம். பலகைக்குப் பின்னால் விட்ட காற்றிடைவெளியைத் தாழ்வார மட்டத்தில் நெருப்பு கூரைக்குள் ஏறாதபடி தடுக்கவேண்டும். தென்னோலைக் கிடுகை இந்த வீட்டோடு ஒட்டிப் போடாதீர்கள்.

எலி, பாம்பு, சத்தம்?

எல்லாக் காற்றுவழிக்கும் கால் அங்குலக் கண் உள்ள உலோக வலை. நைலோன் வலையை எலி ஒரு இரவில் அறுக்கும். எலி வராத இடத்துக்குப் பாம்புக்கும் வேலையில்லை. சத்தம் உண்மைதான். பக்கத்து அறைப் பேச்சுக் கேட்கும். அறைகளுக்கு நடுச்சுவரில் பாறைப்பஞ்சு அடைத்தால் நன்றாகக் குறையும்.

நாங்களே கட்டலாமோ, எதுக்கு ஆள் பிடிக்கவேணும்?

அத்திவாரம் மேசனுக்கு. மட்டம் கால் அங்குலம் பிசகினாலும் மேலே சட்டம் முழுவதும் அது தொடரும். மின்வேலை பதிவுபெற்றவருக்கு. கூரைச்சட்டம் ஏற்றும் நாளில் அனுபவமுள்ள ஓடாவி கட்டாயம். மற்றதெல்லாம், அதாவது அறுப்பது, சட்டம் அடிப்பது, மருந்து பூசுவது, பலகை, சீலிங், பெயின்ற், வீட்டாரால் முடியும். ஒரு முழுச் சுவரை நிலத்தில் படுக்கவைத்து அடித்து, பிறகு எல்லாருமாக நிமிர்த்தலாம். ஏணியில் நின்று செய்வதைவிட அது சுலபமும் பாதுகாப்பும்.

காலத்தைத் தவற விடாதீர்கள். மாசியில் அத்திவாரம், சித்திரையில் சட்டம், ஆடிக்குள் கூரை, புரட்டாசிக்குள் வெளிப்பலகை. கூரை இல்லாமல் ஐப்பசிக்குள் போனால் காயவைத்த மரமெல்லாம் மறுபடி ஊறும்.

அனுமதி கிடைக்குமோ? கடற்கரைக் காணி எண்டா?

கல்வீட்டுக்கு உள்ள அதே வழிதான். வரைபடத்தை உங்கள் பகுதி உள்ளூராட்சி சபையில் கொடுத்து அனுமதி எடுத்து, முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். மரச்சட்டம் என்றால் கூடுதல் கேள்வி வரும். பொறியியலாளரின் ஒப்பமிட்ட விபரம் இருந்தால் பதில் சொல்வது சுகம். வங்கிக் கடன் எடுப்பவர்கள் வரைபடம் கீறுமுன்னே வங்கியோடு பேசிவிடுங்கள்.

உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கும் காணி கரையோர வலயம். அங்கே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் காணி வாங்குபவர்கள் காசு கொடுக்குமுன்னே இதை விசாரியுங்கள்.

மலிவா முடியுமோ?

நல்ல மரத்தில் கட்டினால் கல்வீட்டைவிட மலிவு என்று எதிர்பார்க்காதீர்கள். சீமெந்துக்கும் மணலுக்கும் கல்லுக்கும் போகும் காசு மிஞ்சும், ஆனால் மரம், ஸ்டெயின்லெஸ் ஆணி, தகடு, தாள் என்று அது வேறு பக்கம் போகும். மிச்சம் பிடிப்பது உங்கள் சொந்த உழைப்பிலும் பிறகு வரும் மின்பில்லிலும்தான்.

ஒரு சிறிய ஏசி ஓடும்போது 800 வாட் அளவில் இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் நல்ல பிஎல்டிசி மின்விசிறி 30 வாட். விசிறிக் காற்று உடலுக்கு இரண்டு மூன்று பாகை குறைந்த உணர்வைத் தரும். மேலே கூரைக்கும் யன்னலுக்கும் சொன்னதைச் செய்த வீட்டில் விசிறியோடு படுக்கலாம். அலகு கூடக் கூட விலையும் கூடும் கட்டண முறையில், கீழ்ப்படியில் நிற்பது பெரிய மிச்சம். பின்னால் சூரியத் தகடு போடும் எண்ணம் இருந்தால் அதன் பாரத்துக்குக் கைமரத்தை இப்போதே கணக்குப் பார்த்து வையுங்கள்.

கட்டினாப் பிறகு என்ன பராமரிப்பு?

ஆவணி, புரட்டாசியில் கூரையில் ஏறி ஓடுகளையும் திருகாணிகளையும் பாருங்கள், பீலியில் சருகு அள்ளுங்கள், வடகிழக்குப் பக்க வெட்டுமுனைகளுக்கு மறுபூச்சு அடியுங்கள். மழை விட்டதும் மாசியில் டோர்ச்சோடு அத்திவாரத்தைச் சுற்றி வாருங்கள். மண்கோடு கண்டால் உடனே தட்டிவிடாமல், அது எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் பார்த்து அந்த இடத்தைத் திருத்துங்கள். விறாந்தைத் தூண்களின் அடியை ஒரு கூரான துறப்பணத்தால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் அது நுழையாது. நுழைந்தால் அந்தத் தூணின் அடித்துண்டை அந்தக் கோடைக்குள்ளேயே மாற்றிவிடுங்கள்.